நாவல் எழுதிய நாத்தனார்

எங்கள் ஆட்டர்கோமில் நாவல் படிக்காத பெண் கிடையாது. படிக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட பெண்ணும் கிடையாது. இதை நான் அடித்துச் சொல்வேன். கடைத்தெருவில் புத்தகம் வாடகைக்குக் கொடுக்கும் கடை என்னுடையது. முன்பக்கம் காகிதம், மை, ஊசி, நூல், இருமல் மருந்து. பின்பக்கம் நாவல்கள். பெண்கள் இருமிக்கொண்டே உள்ளே வருவார்கள், போகும்போது சால்வைக்குள் இரண்டாம் பாகம் இருக்கும். இங்கிலாந்தில் டெவன் மாவட்டம் முழுவதிலும் இந்த ஊரில்தான் நெஞ்சுச் சளி அதிகம் என்று புது டாக்டர் வந்த புதிதில் ரொம்பக் கவலைப்பட்டார்.

படிப்பதற்கே இந்தப் பாடு என்றால் எழுதுகிறவள் கதியை யோசித்துப் பாருங்கள். கோழி திருடினால்கூடப் பசி என்று ஒரு காரணம் சொல்லலாம். நல்ல குடும்பத்துப் பெண் நாவல் எழுதினால் என்ன காரணம் சொல்வது?

தாம்சின் யோலண்ட் எந்தக் காரணமும் சொல்லவில்லை. மாட்டிக்கொள்ளும்வரை எழுதினாள். மாட்டிக்கொண்ட பிறகும் எழுதினாள்.

அவளுடைய அப்பா எங்கள் ஊரின் பழைய டாக்டர். தானாகவே பிழைக்கக்கூடியவர்களை எல்லாம் பிழைக்கவைத்த மனிதர். அவர் போனபோது விட்டுப்போனது ஒரு மருந்துப் பெட்டியும் கல்யாணமாகாத மகளும்தான். இரண்டும் மகன் ஜெர்வஸின் வீட்டுக்குப் போயின. மருந்துப் பெட்டி வந்ததில் ஜெர்வஸின் மனைவி அகஸ்டாவுக்கு மிகவும் சந்தோஷம்.

ஜெர்வஸ் யோலண்ட் வக்கீல். நீதிமன்றத்தில் எப்படியோ தெரியாது, வீட்டில் அவர் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான். அந்தக் குறை தெரியாமல் இருக்க அகஸ்டா பேசினாள். காலைக் காபியில் தொடங்கி, தோட்டக்காரன், இறைச்சிக்கடை, பாதிரியாரின் பிரசங்கம், ஏழைகளின் சோம்பேறித்தனம், என் கடை ஜன்னலின் அழுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். ஏழை வீடுகளுக்குச் சூப் எடுத்துக்கொண்டு போவாள். அவள் பேசி முடிப்பதற்குள் அது ஆறிப்போய் மேலே கொழுப்பு கட்டியிருக்கும்.

தாம்சின் நெட்டையாக, ஒல்லியாக இருப்பாள். குளிர்காலம் வந்தால் மூக்கு சிவந்துவிடும், கோடையிலும் அது முழுக்க வெளுக்காது. சிரித்தால் குதிரை கனைப்பதுபோல ஒரு சத்தம் வரும், அதனால் நாலு பேர் நடுவில் சிரிக்கமாட்டாள், கைக்குட்டையைக் கடித்துக்கொள்வாள். அண்ணன் வீட்டில் தேநீர் ஊற்றுவது, சட்டைக் காலரைத் திருப்பித் தைப்பது, அகஸ்டா பேசும்போது "ஆமா அண்ணி" என்பது, இதுதான் அவள் வேலை. காலையில் சில மணி நேரம் வீட்டின் உச்சியில் இருக்கிற ஆப்பிள் பரணில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அங்கே ஜெபம் பண்ணுகிறாள் என்று அகஸ்டா ஊரெல்லாம் சொன்னாள். கல்யாணமாகாதவள் வேறு என்ன பண்ணப்போகிறாள் என்று ஊரும் நம்பியது.

நான் நம்பவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாதிரியாரைப் பார்த்துச் சிரித்தவர்கள். நாலு பேர் எதிரில் நான் அவளை "மிஸ் யோலண்ட், நீங்க" என்பேன். கடையில் ஆள் இல்லாவிட்டால் நீ, வா, போதான். அவள் வாங்கிக்கொண்டு போன காகிதத்துக்கு எந்த ஜெபமும் ஈடு கொடுக்காது.

"யாருக்குடி இவ்ளோ எழுதற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உலகத்துலயே இல்லாத ஆளுங்களுக்கு" என்றாள். பிறகு கனைத்தாள். "ஆனா எல்லாரும் ஆட்டர்கோம்லதான் குடியிருக்காங்க."

அவள் எழுதி முடித்த காகிதக் கட்டை லண்டனுக்கு அனுப்பிவைத்தது நான்தான். என் கடைக்குப் புத்தகம் அனுப்பும் அதே பதிப்பாளருக்கு, பழைய புத்தகம் திருப்பி அனுப்புகிற பெட்டியில் அடியில் வைத்து அனுப்பினேன். அது புத்தகமாகி மூன்று பாகமாகத் திரும்பி வந்தது. ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

அதில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன் லஸ்கோம் பாதிரியின் சங்கதியைச் சொல்லிவிடவேண்டும்.

ஆம்ப்ரோஸ் லஸ்கோம் சில வருஷங்களுக்கு முன் எங்கள் தேவாலயத்தில் உதவிப் பாதிரியாக இருந்தவர். வெள்ளை வெளேரென்ற கை, வெண்ணெய் போட்ட குரல். தாம்சினுக்கு அப்போது இருபத்தேழு வயது. ஒரு செப்டம்பர் மதியம், ஜெர்வஸ் வீட்டுப் பழத்தோட்டத்தில் அவள் உதிர்ந்த ஆப்பிள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, லஸ்கோம் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"மிஸ் யோலண்ட், உங்களுக்கு அழகு இல்லைங்கறத நான் ஒரு குறையாவே எடுத்துக்கல. அழகு சீக்கிரம் போயிடற விஷயம். உங்க விஷயத்துல அந்தக் கவலை நமக்கு இல்ல."

அடுத்துத் தன் வயிற்றைப் பற்றிச் சொன்னார். அது பலவீனமான வயிறு, நேரத்துக்குக் கஞ்சி வேண்டும், அதைக் காய்ச்சச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அடிப்பிடிக்கவிட்டுவிடுகிறார்கள், மனைவி என்றால் பொறுப்பாகக் காய்ச்சுவாள். அந்த இடத்தில்தான் அகஸ்டாவின் ஆண் வாத்து வந்தது. அட்மிரல் என்று பெயர், பெரிய வெள்ளை வாத்து. தபால்காரனே பயந்து சுவருக்கு வெளியே நின்று கடிதத்தை வீசுவான். அட்மிரல் பின்னாலிருந்து வந்து, பாதிரியார் முழங்காலிடுவதற்குத் தோதாகக் குனிந்த அந்த நேரம் பார்த்து, குனிந்த இடத்தைக் கவ்வியது.

லஸ்கோமின் விடாமுயற்சியைப் பாராட்டத்தான் வேண்டும். சைடருக்கு ஆப்பிள் பிழியும் கல்மீது ஏறி நின்றுகொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தார். தாம்சின் பதில் சொல்லத்தான் முயன்றாள். கைக்குட்டை கைக்கு எட்டவில்லை. கனைத்துவிட்டாள்.

அதோடு அவர் எக்ஸிடருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அங்கே ஒரு பணக்கார விதவையைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு பெரிய பாதிரி ஆனார். தோட்டத்தில் நடந்தது அவருக்கும் தாம்சினுக்கும் வாத்துக்கும் மட்டுமே தெரியும். வாத்தைக் கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது புத்தகம். அது வந்த மாதம் ஊரில் இருமல் தாங்கமுடியவில்லை. முதல் பாகம் ஒருத்தியிடம், மூன்றாம் பாகம் இன்னொருத்தியிடம், நடுப் பாகத்துக்காகக் கசாப்புக்காரர் மனைவியும் தையல்காரியும் தேவாலய வாசலிலேயே சண்டை போட்டார்கள். எல்லோருக்கும் பிடித்த பாத்திரம் மிஸஸ் ப்ளண்டிஷ் என்ற ஒரு அம்மாள். மூச்சுவிடாமல் பேசுவாள். ஏழைகளுக்குச் சூப் கொண்டுபோய் அறிவுரையைக் கொடுத்துவிட்டுச் சூப்பைத் திருப்பி எடுத்துவருவாள். புத்தகத்தைக் கையில் எடுத்த அத்தனை பேருக்கும் அது அகஸ்டா யோலண்ட் என்று தெரிந்துபோயிற்று.

அத்தனை பேருக்கும், அகஸ்டாவைத் தவிர. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம்.

அவள் என் கடைக்கு வந்து மேஜையைத் தட்டிச் சிரித்தாள். "ஏம்மா ஹெஸ்டர், இது அந்தப் புது டாக்டர் பொண்டாட்டிதானே? அச்சு அசல் அவளேதான்! எழுதினவ யாரா இருந்தாலும் அவ வாயில சர்க்கரை போடணும்!"

"அப்படிங்களா அம்மா?" என்றேன். வேறு என்ன சொல்வது?

அதைவிடக் கூத்து, சாயங்காலம் தாம்சினையே சத்தமாகப் படிக்கச் சொன்னாள். தாம்சின் மறுநாள் வந்து சொல்லும்போது என் முக்காலியிலிருந்து விழப்பார்த்தாள். மிஸஸ் ப்ளண்டிஷ் பேசுகிற இடத்தைத் தாம்சின் படிக்கிறாள். "நான் யாரையும் குறை சொல்றவ இல்ல, ஆனா..." என்று ப்ளண்டிஷ் தொடங்குகிறாள். அகஸ்டா குறுக்கே கையைத் தூக்கி, "கொஞ்சம் நிறுத்து தாம்சின். நான் யாரையும் குறை சொல்றவ இல்ல, ஆனா அந்த டாக்டர் பொண்டாட்டி..." என்கிறாள்.

"கைக்குட்டையில ஓட்டையே போட்டுட்டேன் ஹெஸ்டர்."

"ஒரு நாள் மாட்டிக்கப்போற, பாரு."

"யார்கிட்ட? அண்ணிக்கிட்டயா? அவங்களுக்குக் கண்ணாடியைக் காட்டினாலும் டாக்டர் பொண்டாட்டின்னுதான் சொல்வாங்க."

மாட்டிவிட்டது லஸ்கோம்தான். மறுவருஷம் எங்கள் தேவாலயத்தில் புது மணி ஏற்றும் விழாவுக்கு அவரும் மனைவியும் எக்ஸிடரிலிருந்து வந்தார்கள். அகஸ்டா வீட்டில் தேநீர் விருந்து. ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அகஸ்டா கேட்டிருந்த புத்தகங்களை எடுத்துக்கொண்டு நானும் போனேன். உட்கார் என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, கதவருகில் நின்றேன். என் வாழ்நாளில் நான் நின்ற இடங்களிலேயே நல்ல இடம் அதுதான்.

லஸ்கோம் கேக்கைத் தொடவில்லை. முகம் மதியத்திலிருந்தே ஊதிக்கொண்டிருந்தது. அகஸ்டா யதார்த்தமாக அந்த நாவலைப் பற்றிப் பேச்செடுத்தாள். அவ்வளவுதான், அவர் கோப்பையை ணங்கென்று வைத்தார்.

"அது நாவல் இல்ல அம்மா, அவதூறு!"

"என்ன ஐயா இப்படிச் சொல்றீங்க? அந்த பிம்ப்ளெட் பாதிரி தோட்டத்துல பொண்ணு கேக்கற இடம் ஒண்ணு போதுமே, நான் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்."

"அந்த இடத்தைத்தான் சொல்றேன்! அத்தனையும் பொய். 'அழகு இல்லைங்கறத குறையா எடுத்துக்கல'ன்னு சொன்னதாம். அப்படிச் சொல்லவே இல்ல! 'அழகு ரெண்டாம்பட்சம்'னுதான் சொன்னது. கஞ்சியைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை. புத்தகத்துல ஒரு பக்கம் பூரா கஞ்சி! அதுவும் போகட்டும், வாத்து கடிச்சது வலது பக்கம். எழுதியிருக்கறது இடது பக்கம்!"

கடிக்கிற வாத்து எங்கள் ஊரில் அட்மிரல் ஒன்றுதான், அது இருந்த வீட்டில் கல்யாணமாகாத பெண்ணும் ஒருத்திதான்.

"எந்த வாத்து ஐயா?" என்றாள் அகஸ்டா.

அப்போது அவருடைய மனைவி, நல்ல அமைதியான அம்மாள், நிதானமாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "அந்தத் தழும்பு குதிரை கடிச்சதுன்னுல்ல என்கிட்ட சொன்னீங்க?"

எல்லோருடைய கண்ணும் முதலில் லஸ்கோம் மீதும், அடுத்து ஒருவர் பின் ஒருவராகத் தேநீர்க் கெண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற தாம்சின் மீதும் போயின. அவளிடம் கைக்குட்டை இல்லை. அவள் கனைத்தாள். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோர் எதிரிலும், தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வர, அவ்வளவு வருஷம் அடக்கிவைத்ததை எல்லாம் சேர்த்துக் கனைத்தாள்.

லஸ்கோம் தம்பதி அன்றே கிளம்பிவிட்டார்கள். மற்றவர்கள் ஊருக்குள் பரவிச் சேதியையும் பரப்பினார்கள். வீட்டில் என்ன நடந்தது என்பதைத் தாம்சின் சொல்லித் தெரிந்துகொண்டேன். அகஸ்டா அரை நிமிஷம் பேசாமல் இருந்தாளாம். பிறகு, "பாத்தியா, டாக்டர் பொண்டாட்டிக்கு நல்லா வேணும், என் நாத்தனாரே எழுதிப்புட்டா" என்று ஆரம்பித்து, படுக்கப்போகும்வரை அதையே பேசினாளாம். திடுக்கிட வைத்தவர் ஜெர்வஸ். அவர் தங்கையின் அறை வாசலில் வந்து நின்றுகொண்டு போகாமல் இருந்தார்.

"மூணு பாகம் எழுதியிருக்க" என்றார்.

"ஆமா அண்ணா."

"ஊர்ல நாய்கூட வருது."

"வருது."

"நான் எங்க?"

"நீ ஏதாவது பேசியிருந்தாதானே அண்ணா எழுத முடியும்?" என்றாள். அவர், அது நியாயம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஊர் அவளைத் துரத்தும், தூற்றும் என்று நான் பயந்திருந்தேன். அதைச் செய்திருந்தால்கூடத் தேவலை. ஊர் அவள் எதிரில் ஒழுக்கமாகப் பேச ஆரம்பித்தது. அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அல்லது திடீரென்று எல்லோரும் பிரசங்கம் செய்வார்கள். கசாப்புக்காரர் எலும்பை வெட்டிக்கொண்டே மனித வாழ்க்கையின் நிலையாமையைப் பற்றிச் சொன்னார். தையல்காரி, அடுத்த புத்தகத்தில் தன்னைக் கொஞ்சம் இளமையாகப் போடும்படி கேட்டுக்கொண்டு, சின்ன வயதில் ஒரு கேப்டன் தன்னை நினைத்து உருகிச் செத்துப்போனதாகக் கண்ணீர் விட்டாள். அந்தக் கேப்டனை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

தாம்சின் வாடிப்போனாள். "ஒருத்தராவது மூட்டு வலின்னு பேசமாட்டேங்கறாங்க ஹெஸ்டர். எல்லாரும் ஆத்மாவைப் பத்தியே பேசறாங்க. நான் எங்க போவேன்?"

கிடைத்ததை வைத்து இரண்டாவது நாவல் எழுதினாள். அதில் எல்லோரும் நல்லவர்கள். ஒரு கேப்டன் உருகிச் செத்தான்.

"படிச்சியா?" என்று கேட்டாள்.

"படிச்சேன்."

"எப்படி இருக்கு?"

"நல்ல தூக்கம் வந்துது."

அவளுக்குக் கோபம் வரவில்லை. "எழுதும்போது எனக்கும்தான்" என்றாள். அந்தப் புத்தகம் என் கடையில் கேட்பாரில்லாமல் கிடந்தது. பின்பக்க ஜன்னல் காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்தேன், அதற்கு மட்டும் நன்றாகவே உதவியது.

அதற்கடுத்த குளிர்காலத்தில் ஊரில் ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. தாம்சின் பல நாள் படுக்கையில் கிடந்தாள். பிழைத்து எழுந்தபோது இரண்டு காதும் போய்விட்டன என்று டாக்டர் சொன்னார். எக்ஸிடரிலிருந்து ஒரு தகரக் காதுக்குழல் வாங்கிக்கொடுத்தார்கள். அதைக் காதில் வைத்து, வாயருகில் வந்து கத்தினால் பாதி கேட்கும். முதல் வாரம் எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். அதற்குப் பிறகு நம் மக்களைத் தெரியாதா? கத்துவதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? அவளை ஓர் ஓரமாக உட்காரவைத்துவிட்டுத் தங்கள் பேச்சைத் தாங்கள் பேசினார்கள். மூட்டு வலி திரும்பி வந்தது. மருமகள் கதைகள், புது உதவிப் பாதிரியின் கால் துர்நாற்றம், யார் வயிற்றில் யார் பிள்ளை எல்லாம் திரும்பி வந்தன.

நானும் நம்பித்தான் கிடந்தேன். வசந்தத்தில் ஒரு நாள் அவள் என் கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நூல்கண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. நான் எனக்கே முணுமுணுத்துக்கொள்வதுபோல, "அய்யய்யோ, பாவாடை பின்னால கிழிஞ்சு தொங்குதே" என்றேன். உண்மையாகவே கிழிந்துதான் இருந்தது.

அவள் கை சட்டென்று பின்னால் போயிற்று. பிறகு அப்படியே நின்றது.

நான் கடைக் கதவைச் சாத்தினேன். "எவ்ளோ நாளாடி?"

"ஜுரம் விட்டதுலேருந்து" என்றாள், திரும்பாமலே.

"அடிப்பாவி! நான் தினம் தொண்டை கிழியக் கத்தினேனே!"

"நீ கத்தும்போது ரொம்ப நல்லா இருந்துது ஹெஸ்டர். உன் முகம் தக்காளி மாதிரி ஆயிடும்." கனைக்க ஆரம்பித்தவள் குழலால் வாயை மூடிக்கொண்டாள், அதற்குள்ளிருந்து வேட்டைக்காரர் கொம்பு ஊதுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

அது லேசான வேலை இல்லை. பூனை தட்டைத் தள்ளினாலும் திரும்பக்கூடாது. மணி அடித்தால் பின்னலிலேயே கண். தன்னைப் பற்றிப் பேசுவதையும் கேட்டுக்கொண்டு உட்காரவேண்டும். "காய்ஞ்ச கட்டை, ஒரு பாதிரி கேட்டான், அவனையும் சிரிச்சே விரட்டிட்டா" என்று அவளுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேசுவார்கள். அவள் சிரித்த முகத்தோடு அவர்களுக்குச் சர்க்கரையை நகர்த்துவாள். "வலிக்கலையா?" என்று கேட்டேன். "வலிக்குது, ஆனா வாக்கியம் நல்லா இருக்கே" என்றாள். என்ன ஜன்மமோ.

அந்தச் செவிட்டு வருஷங்களில்தான் அவளுடைய நல்ல நாவல்கள் இரண்டும் வந்தன. படித்த ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுக்காரரைத்தான் அதில் பார்த்தார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. லண்டனிலிருந்து ஆட்கள் குதிரைக் கோச் வண்டி பிடித்து வந்து அவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். குழலில் கத்திவிட்டு, இந்த அம்மாள் தன் உள்ளத்தின் மௌனத்திலிருந்தே எல்லாவற்றையும் படைக்கிறாள் என்று உருகினார்கள். எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் இருமல் மருந்து குடித்தேன்.

எல்லாவற்றையும் மாற்றியது ஒரு நவம்பர் மதியம். கிறிஸ்துமஸ் புட்டிங்குக்காக அகஸ்டாவும் தாம்சினும் சமையலறையில் உட்கார்ந்து உலர்திராட்சையில் விதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்காரி சந்தைக்குப் போயிருந்தாள். அகஸ்டா வழக்கம்போலத் திராட்சையின் விலை, வேலைக்காரியின் ஷூ என்று பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். தாம்சின் ஏறிட்டுப் பார்க்கவில்லை. செவிடர் பார்க்கமாட்டார்களே.

"முதல் பக்கத்துலயே தெரிஞ்சிடுச்சுடி எனக்கு" என்றாள் அகஸ்டா. குரல் அவள் குரலாகவே இல்லையாம், அவ்வளவு சின்னதாக இருந்ததாம். "அந்த ப்ளண்டிஷ் வாயைத் திறந்ததுமே, அடடா இது நான்தானேன்னு தெரிஞ்சுது. டாக்டர் பொண்டாட்டி வாரத்துக்கு நாலு வார்த்தை பேசறவ, அவளா அது? நான் அன்னிக்குச் சிரிக்காம இருந்திருந்தா அழுதிருப்பேன். ஊர் முன்னாடி அழணுமா? அதான் எல்லாரையும்விடச் சத்தமாச் சிரிச்சேன்."

தாம்சினின் விரல்கள் விதை எடுத்துக்கொண்டே இருந்தன.

"உங்க அண்ணன் பேசமாட்டாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த வீட்டுல ரெண்டு பேர் பேச்சையும் நானே பேசறேன். கேள்வியும் நானே, பதிலும் நானே. நான் நிறுத்தினா கடிகாரச் சத்தம்தான் கேக்கும். உனக்கு அது தெரியாது, நீ மேல பரண்ல ஏறி உக்காந்துக்குவ. எல்லாத்தையும் கவனிச்சியே தாம்சின். சூப் ஆறிப்போனதைக்கூட எழுதினியே. இதை நீ கவனிக்கலையே."

அதன் பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குழலைத் தானே எடுத்துத் தாம்சினின் காதில் வைத்து, "விதை எல்லாம் எடுத்தாச்சா?" என்று கத்தினாள். தாம்சின் தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை அவள் என் கடைக்கு வந்தபோது கண் இரண்டும் மூக்கைவிடச் சிவப்பாக இருந்தன. எல்லாவற்றையும் சொன்னாள்.

"போய் உண்மையைச் சொல்லிடேன்" என்றேன்.

"என்னன்னு சொல்றது? நீங்க என்னை நம்பி அழுததையும் ஒட்டுக்கேட்டேன்னா? ஒரு தடவை ஊர் சிரிக்க வெச்சது போதாதா?"

"அப்போ செவிடாவே இருந்துடப்போறியா?"

"அதுவும் முடியாது. பதில் சொல்லணும் ஹெஸ்டர். யாராவது அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பிரசங்கம் பாதியில் இருக்கும்போது, தாம்சின் யோலண்ட் ஒரு தும்மல் போட்டாள். கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. பிறகு எழுந்து நின்று காதைப் பிடித்துக்கொண்டு, "கேக்குது!" என்றாள். ஊரே எழுந்து நின்றது. தன் பிரசங்கத்தின் வல்லமை என்றார் பாதிரியார். தன் சொட்டு மருந்து என்றார் டாக்டர். அந்த மருந்தை நான் அந்த மாதம் பெட்டி பெட்டியாக விற்றேன். அகஸ்டா மட்டும் வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்துப்போய் நாத்தனாரின் கையைப் பிடித்தாள்.

"எப்பலேருந்துடி கேக்குது?"

"இப்பத்தான் அண்ணி. இந்தத் தும்மல்லேருந்துதான். அதுக்கு முன்னாடி ஒண்ணுமே கேக்கல."

அகஸ்டா அவளை வெகுநேரம் பார்த்தாளாம். "நல்லது" என்றாளாம். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. தாம்சினுக்கும் கடைசிவரை தெரியவில்லை.

ஊர் மறுபடியும் வாயை மூடிக்கொண்டு ஆத்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. தாம்சின் கவலைப்படவில்லை. சாயங்காலங்களில் அகஸ்டாவோடு கணப்பருகே உட்கார்ந்தாள். வெறும் "ஆமா அண்ணி" இல்லை. எதிர்த்துப் பேசினாள், சண்டை போட்டாள், "நீங்க சொல்றது முழுப் பொய்" என்றாள். அகஸ்டாவுக்கு அது தாங்கமுடியாத சந்தோஷம். வீட்டு வாசலைத் தாண்டிப் போனால் இரண்டு பேர் குரலும் தெருவரை கேட்கும். ஒரு தடவை ஏதோ ஒன்று யாருடைய தவறு என்று இருவரும் கத்திக்கொண்டிருந்தபோது ஜெர்வஸ் செய்தித்தாளை இறக்கி, "தாம்சின் சொல்றதுதான் சரி" என்றாராம். அதைப் பற்றி அகஸ்டா ஒரு மாதம் பேசினாள்.

அதன் பிறகு தாம்சின் ஒரே ஒரு நாவல் எழுதினாள். ஓயாமல் பேசும் ஒரு பெண்ணைப் பற்றியது, அவள் ஏன் பேசுகிறாள் என்பதைப் பற்றியது. அகஸ்டா சமையலறையில் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அதில் கிடையாது, நான் தேடிப் பார்த்துவிட்டேன். ஊருக்குப் பிடிக்கவில்லை. "சிரிக்க ஒண்ணுமே இல்லையேம்மா" என்று திருப்பிக்கொடுத்தார்கள். லண்டன் பத்திரிகைகளும் அம்மாளின் பேனா மழுங்கிவிட்டது என்று எழுதின. அகஸ்டா அதைப் படித்தாளா என்று கேட்டால், எனக்கு நாவல் படிக்க நேரம் எங்கே என்பாள். ஆனால் வாடகைக்கு வேண்டாம் என்று மூன்று பாகத்தையும் விலைக்கே வாங்கிக்கொண்டுபோனாள்.

தாம்சின் ஐம்பத்தொரு வயதில் போனாள், நெஞ்சில் நீர் கோத்து. இந்த முறை நிஜமான இருமல். நானும் அகஸ்டாவும் மாறி மாறி இருந்தோம். கடைசி வாரம் பேச மூச்சு இல்லை, கேட்க மட்டும் செய்தாள். அகஸ்டா படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து ஊர்ச் சேதி முழுவதையும் கசாப்புக்கடையிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தச் சொல்லப்போனேன். தாம்சின் வேண்டாம் என்று விரலை அசைத்தாள்.

மறுவருஷம் லண்டனிலிருந்து ஒரு கனவான் அவள் சரித்திரத்தை எழுதவேண்டும் என்று வந்தார். அகஸ்டா அவரை மதியம் உட்காரவைத்தாள். தன் நாத்தனார் எப்படித் தன்னிடமே எல்லாக் கதையையும் கேட்டுக் கேட்டு எழுதினாள் என்று தொடங்கி, இருட்டும்வரை பேசினாள். அவருடைய கோச் வண்டி போய்விட்டது. இரவு தங்கி, காலையிலும் கேட்டார். போகும்போது என் கடைக்கு வந்து, தலைவலிக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பிறகு, மிஸ் யோலண்டைப் பற்றி நான் ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்றார்.

"நல்லாச் சிரிப்பாங்க ஐயா" என்றேன்.

அவர் புத்தகம் வெளிவந்தது. அதில் தாம்சின் அமைதியே உருவானவள், தேவதை, ஒருபோதும் உரக்கச் சிரித்தறியாதவள். மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார். இரண்டு பிரதி வரவழைத்து அலமாரியில் வைத்தேன். இன்றுவரை ஒருவரும் இருமிக்கொண்டு வந்து அதைக் கேட்கவில்லை.